ஆரஞ்சு கூம்பும் திறக்காத பார்ட்டிஷனும்

 

போன எபிசோட் கேட்டுட்டு ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, எப்பப் பார்த்தாலும் கட்டற்ற மென்பொருள், லினக்ஸ்னு பேசுறீங்க. எங்க ஊர்ல நான் பார்த்த வரைக்கும் ஒருத்தர்கூட அதெல்லாம் யூஸ் பண்ணல. இது உங்கள மாதிரி ஐடி ஆளுங்களுக்கு மட்டுமான விஷயமா?"

நியாயமான கேள்வி. ஒரு வரியில பதில் சொல்லிடலாம்: உங்க ஊர்ல எல்லாருமே யூஸ் பண்ணாங்க தம்பி, அதோட பேரு மட்டும் அவங்களுக்குத் தெரியாது. ஆனா ஒரு வரியை வச்சு எபிசோட் ஓட்ட முடியாதே. அதனால இன்னைக்கு ஒரு லேப்டாப்பை எடுத்துப்போம். கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு ஒரு அடையாளம் சொன்னா போதும்: மூடியில அம்மா படம் இருந்த லேப்டாப்.

விலையில்லாததும் கட்டற்றதும்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். அன்னைக்குத்தான் திருவள்ளூர் பக்கத்துல காக்களூர்ல அப்போதைய முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வச்சாங்க. எங்க ஊர் கனகம்மாசத்திரமும் அதே மாவட்டம்தான். சென்னையில இருந்து திருப்பதி போற ரோட்டுல, திருவள்ளூர் தாண்டி, திருத்தணி வர்றதுக்கு முன்னாடி வரும். பஸ்ல தூங்கிட்டா மிஸ் பண்ணிடுவீங்க. முதல் வருஷத்துக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேல லேப்டாப்னு இலக்கு வச்சாங்க. அதுக்கப்புறம் சில வருஷத்துல எங்க பேட்சுக்கும் வந்துச்சு. எங்க தெருவுல பாதி வீட்டுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர்.

அரசு அதுக்கு வச்ச பேரைக் கவனிங்க: "விலையில்லா மடிக்கணினி." இலவசம்னுகூட சொல்லல. இங்கதான் நம்ம மொழிக்கு ஒரு லாபம் இருக்கு. இங்கிலீஷ்ல ஃப்ரீன்னு ஒரே வார்த்தை, காசு வேண்டாம்னாலும் அதுதான், சுதந்திரம்னாலும் அதுதான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல குனு திட்டத்தை அறிவிச்சதுல இருந்து, "நான் சொல்றது விலையைப் பத்தி இல்லப்பா, சுதந்திரத்தைப் பத்தி"ன்னு மேடைக்கு மேடை விளக்கிக்கிட்டே இருக்கார். நமக்கு அந்தத் தலைவலியே கிடையாது. விலையில்லான்னா காசு இல்ல. கட்டற்றன்னா கட்டு இல்ல. ரெண்டும் வேற வேற.

கட்டு இல்லைன்னா என்ன? எதுக்கு வேணா ஓட்டலாம், உள்ள திறந்து பார்க்கலாம், மாத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். இந்த நாலும் இருந்தா கட்டற்ற மென்பொருள். ஒண்ணு குறைஞ்சாலும் இல்ல. காசு கொடுத்து வாங்கினதா, சும்மா வந்ததாங்கறது இதுல கணக்கே இல்ல.

இந்த லேப்டாப்ல ரெண்டுமே இருந்துச்சுங்கறதுதான் சுவாரஸ்யம். ஆன் பண்ணா ஒரு லிஸ்ட் வரும். ஒண்ணு விண்டோஸ். இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். பாஸ்னா பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சென்னையில இருக்கிற சி-டாக், டெபியனை அடிப்படையா வச்சு உருவாக்கினது. 2007-ல இருந்து இருக்கு. அதாவது ஒரே ஹார்டுடிஸ்க்ல ஒரு பக்கம் விலையில்லாதது, இன்னொரு பக்கம் கட்டற்றது. பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி.

அந்த ரெண்டாவது வீட்டை யாரு திறந்தா? எனக்குத் தெரிஞ்சு எங்க கிளாஸ்ல யாரும் இல்ல. லேப்டாப் கைக்கு வந்த வாரமே மெயின் ரோட்டுல செல்போன் கடைக்குக் கொண்டு போய், காசு கொடுத்து, "அண்ணா, புது ஓஎஸ் போட்டுக் கொடுங்க"ன்னு நின்னாங்க. அங்க என்ன நடக்கும்? சட்டப்படி வந்த விண்டோஸும் போகும், சட்டப்படி வந்த லினக்ஸும் போகும். ரெண்டும் இருந்த இடத்துல திருட்டு விண்டோஸ் அல்டிமேட் வந்து உக்காரும். காசு கொடுத்து, நம்மகிட்ட இருந்த உரிமையை அழிச்சுட்டு வர்றது.

பசங்களைக் குறை சொல்றது ரொம்ப ஈசி. நான் சொல்ல மாட்டேன். பாஸ் லினக்ஸ்னா என்ன, அதை வச்சு என்ன செய்யலாம்னு யாராவது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து காட்டியிருந்தா அழிச்சிருப்பாங்களா? பீரோவுல சாவி இல்லாத ஒரு அறை இருந்தா என்ன பண்ணுவீங்க? இடத்தை அடைக்குதேன்னுதான் தோணும்.

ஸ்டார் ஆபீஸ்: செத்துப்போன ஒரு பாடம்

இதுல என்னை இன்னைக்கும் உறுத்துற ஒரு விஷயம் சொல்றேன். பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், நமக்கு ரெண்டு வால்யூம் புக். ரெண்டாவது சி பிளஸ் பிளஸ். முதலாவது? ஸ்டார் ஆபீஸ்! ஸ்டார் ஆபீஸ் ரைட்டர், ஸ்டார் ஆபீஸ் கால்க், ஸ்டார் ஆபீஸ் இம்ப்ரெஸ். எந்த மெனுவுல எந்த ஆப்ஷன்னு மனப்பாடம் பண்ணி பப்ளிக் எக்ஸாம்ல எழுதினோம்.

ஸ்டார் ஆபீஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸோடது. 2000-ல சன் அதோட சோர்ஸ் கோடைத் திறந்து விட்டாங்க. அதுல இருந்து பிறந்ததுதான் ஓபன் ஆபீஸ். 2010-ல ஆரக்கிள் சன்னை வாங்கிடுச்சு. அதே வருஷம் ஓபன் ஆபீஸ் ஆட்கள்ல ஒரு பெரிய கூட்டம் தனியா வந்து லிப்ரே ஆபீஸ் ஆரம்பிச்சாங்க. 2011-ல ஆரக்கிள் அந்த ஸ்டார் ஆபீஸ் வியாபாரத்தையே மூடிடுச்சு. நாங்க பரீட்சை எழுதுறப்போ அந்தப் பேர்ல கடையில வாங்க ஒரு சாஃப்ட்வேரே கிடையாது. செத்துப்போன ஒருத்தரோட முகவரியை மனப்பாடம் பண்ண மாதிரி.

ஆனா அந்தக் குடும்பம் சாகல. சோர்ஸ் கோடு வெளிய இருந்ததால அதோட வாரிசுகள் உயிரோட இருந்தாங்க. அதே ரைட்டர், அதே கால்க், அதே இம்ப்ரெஸ், கிட்டத்தட்ட அதே மெனு. எங்க இருந்தாங்க? நம்ம லேப்டாப்லயே, அந்த லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள்ள! பாடம் புத்தகத்துல இருக்கு, பாடத்துக்கான சாஃப்ட்வேர் மடியில இருக்கு. நடுவுல ஒரே ஒரு எண்டர் கீ. அதைத் தட்டுங்கடான்னு சொல்ல ஆள் இல்ல. புத்தகம் ஒரு துறையில இருந்து வந்துச்சு, லேப்டாப் இன்னொரு இடத்துல இருந்து வந்துச்சு, ரெண்டும் எங்க கையிலதான் சந்திச்சுக்கிட்டதுங்க. எங்களுக்கு ரெண்டையும் சேர்த்து வைக்கத் தெரியல.

எல்லாரும் போட்ட ஒரே சாஃப்ட்வேர்

சரி, ஃபார்மேட் பண்ணியாச்சு. அடுத்து என்ன? பென்டிரைவ். அதுல ரெண்டு மூணு படம், ஒரு எம்பி3 ஃபோல்டர், கூடவே ஒரு செட்டப் ஃபைல். ஐகானைப் பார்த்தாலே தெரியும், ஆரஞ்சு வெள்ளைக் கோடு போட்ட டிராஃபிக் கூம்பு. விஎல்சி.

தம்பி கேட்டாரே, எங்க ஊர்ல யாரு யூஸ் பண்றான்னு? இதோ. விஎல்சி கட்டற்ற மென்பொருள். அந்தப் பென்டிரைவ்ல இருந்த எல்லாத்துலயும், சட்டப்படி காப்பி அடிச்சுக் கொடுக்க நமக்கு முழு உரிமை இருந்த ஒரே ஃபைல் அதுதான்!

இதோட கதை தெரியுமா? 1996-ல பாரிஸ் பக்கத்துல எகோல் சென்ட்ரால்னு ஒரு இன்ஜினியரிங் காலேஜ். ஹாஸ்டல் நெட்வொர்க் படு ஸ்லோ. பசங்களுக்கு கேம் ஆடணும், வேகமான நெட்வொர்க் வேணும். கேம் ஆடணும்னு சொன்னா எந்தக் காலேஜ் காசு கொடுக்கும்? அதனால நெட்வொர்க் வழியா டிவி வீடியோ அனுப்புற மாதிரி ஒரு புராஜெக்ட் செஞ்சாங்க. வீடியோ அனுப்புற பக்கம் ஒண்ணு, வாங்கிக் காட்டுற பக்கம் ஒண்ணு. அந்த வாங்கிக் காட்டுற பக்கம்தான் வீடியோலேன் கிளையண்ட், சுருக்கமா விஎல்சி. அந்தக் கூம்பு? அந்த ஸ்டூடண்ட்ஸ் சங்கத்து ஆளுங்க ரோட்டுல இருக்கிற டிராஃபிக் கூம்புகளைச் சேர்த்து வச்சிருந்தாங்க, அதுவே லோகோ ஆயிடுச்சு. நம்ம ஊர் ஹாஸ்டலா இருந்தா பஸ் ஸ்டாப் போர்டு லோகோ ஆகியிருக்கும். 2001-ல காலேஜ் சம்மதத்தோட ஜிபிஎல் உரிமத்துல வெளியிட்டாங்க. 2025 ஜனவரியில 600 கோடி டவுன்லோட்னு அறிவிச்சாங்க. விளம்பரம் கிடையாது, லாகின் கிடையாது, பிரீமியம் பிளான் கிடையாது.

எங்க பக்கம் அது ஏன் அவ்வளவு ஒட்டிக்கிச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. முதல்ல, கோடெக் தேடி அலைய வேண்டாம். வேற பிளேயர்ல போட்டா படம் வரும் சத்தம் வராது, சத்தம் வரும் படம் வராது. விஎல்சி தனக்கு வேண்டியதையெல்லாம் தன் கூடவே கட்டிக்கிட்டு வரும். பாதி டவுன்லோட் ஆன ஃபைலையும் ஓட்டிக் காட்டும். சத்தத்தை நூறு சதவீதத்துக்கு மேல ஏத்தலாம். அந்த லேப்டாப் ஸ்பீக்கருக்கு அது எவ்வளவு பெரிய வரம்னு ஒரே ஒரு லேப்டாப்பைச் சுத்தி எட்டுப் பேர் உக்காந்து படம் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

இன்னொண்ணு எங்க ஊருக்கே உரியது. திருத்தணி தாண்டினா கொஞ்ச தூரத்துல ஆந்திரா. வீட்டுல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ்னு வளர்ந்த பசங்க எங்க கிளாஸ்ல நிறைய. ஒரே ஃபைல்ல தெலுங்கு ஆடியோவும் தமிழ் ஆடியோவும் சேர்ந்து வரும். விஎல்சில பி கீயைத் தட்டினா ஆடியோ மாறும், வி கீயைத் தட்டினா சப்டைட்டில் மாறும். டயலாக் காமெடி வந்தா தெலுங்கு, பாட்டி வந்து உக்காந்தா தமிழ். ஒரு சாஃப்ட்வேர் மேல கை வச்சு நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கறதுங்கறதை எங்க பசங்க கத்துக்கிட்ட இடம் அதுதான்.

இதுக்கு எதிர்ப்பக்கத்தையும் பார்த்துடுவோம். விண்டோஸ் 7-ல ஸ்டார்ட்டர்னு ஒரு பதிப்பு இருந்துச்சு, விலை குறைஞ்ச சின்ன லேப்டாப்களுக்குன்னே செஞ்சது. அதுல டெஸ்க்டாப் வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது. தொழில்நுட்பம் இல்லாம இல்ல, வேணும்னே பூட்டி வச்சது. மெஷின் உன்னோடது, சுவர்ல எந்தப் படம் மாட்டணும்னு மட்டும் நான் சொல்லுவேன். கட்டுன்னா என்னன்னு புரிய இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

சைட்டைப் பூட்டலாம், சாஃப்ட்வேரை?

2022-ல என்ன ஆச்சுன்னு கவனிச்சீங்களா? அந்த வருஷ ஆரம்பத்துல இருந்து இந்தியாவுல விஎல்சியோட வெப்சைட் பல நெட்வொர்க்ல திறக்கல. தடை. ஏன்னு வெளிப்படையா ஒரு அறிவிப்பும் இல்ல. இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோட வீடியோலேன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாங்க. நவம்பர்ல தடையை எடுத்தாங்க.

அந்த மாசங்கள்ல விஎல்சி ஓடாம நின்னுச்சா? இல்ல. லினக்ஸ்காரங்களுக்கு அவங்கவங்க டிஸ்ட்ரோவோட களஞ்சியத்துல இருந்து வந்துச்சு. மத்தவங்களுக்கு நண்பனோட பென்டிரைவ்ல இருந்து வந்துச்சு. ரெண்டுமே நூறு சதவீதம் சட்டப்படி. காப்பி எடுத்துக் கொடுக்கற உரிமை ஏதோ தத்துவம் மாதிரி தெரியும். ஒரு கதவு மூடுற அன்னைக்குத்தான் வீட்டுல எத்தனை கதவு இருக்குன்னு தெரியவரும். இதே ஒரு கம்பெனியோட சர்வர்ல மட்டும் ஓடுற ஆப்பா இருந்தா, மூடினா மூடினதுதான். ஒரே நைட்ல பழைய வீடியோவெல்லாம் காணாமப் போறதை 2020-ல டிக்டாக் தடைக்கு அப்புறம் நம்ம கிராமத்துக் கலைஞர்கள் எத்தனை பேர் பார்த்தாங்க!

வடிவேலுவை பாஸ் பண்ண முடியலன்னா

இது சாஃப்ட்வேரோட நிக்கற விஷயமும் இல்ல. 2019 மே மாசம், காண்ட்ராக்டர் நேசமணி. மறந்திருக்க மாட்டீங்க. ஃபேஸ்புக்ல ஒரு இன்ஜினியரிங் பக்கத்துல சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. நம்மாளு ஒருத்தர், இது நேசமணி தலையில விழுந்ததுன்னு பதில் போட்டார். ஒரே நாள்ல அது உலக டிரெண்ட். படம் வந்தது 2001-ல, "ஃப்ரெண்ட்ஸ்". 18 வருஷம் கழிச்சு ஒரு காமெடி சீன் எப்படி உயிரோட இருந்துச்சு?

பாஸ் பண்ணி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மேல ரெண்டு வரி எழுதி, அடுத்தவனுக்கு அனுப்பி, அவன் அதை மாத்தி அனுப்பி. தமிழ் மீம் கலாசாரமே இதுதான். வடிவேலு, கவுண்டமணி முகங்கள் நம்ம எழுத்துக்கள் மாதிரி ஆனதுக்குக் காரணம், அந்தப் படங்கள் மேல நாம கை வைக்க முடிஞ்சதுதான்.

இப்ப பெரிய ஓடிடி ஆப் எதுலயாவது படம் ஓடுறப்போ ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் கருப்பாத்தான் வரும். டிஆர்எம் பூட்டு. மாசாமாசம் காசு கட்டுறோம், ஆனா ஒரு முகத்தை நிறுத்தி எடுத்து வச்சுக்க முடியாது. போன மாசம் இருந்த படம் இந்த மாசம் இருக்காது. நான் திருட்டுப் படத்துக்கு வக்காலத்து வாங்கல. உழைச்சவங்களுக்குக் காசு போகணும், நானும் கட்டித்தான் பார்க்கறேன். ஆனா காசு கட்டினவனுக்கு இருக்கற உரிமை, அன்னைக்குத் தரையில உக்காந்து கேசட்ல பார்த்தவனைவிடக் குறைவா இருக்குன்னா, அதைக் கேள்வி கேக்கறதுல என்ன தப்பு? இன்னைக்கு வர்ற படத்துல ஒரு நல்ல காமெடியன் இருந்தா, 18 வருஷம் கழிச்சு அவருக்கு ஒரு நேசமணி நாள் வருமாங்கறதுதான் என் கவலை.

சாவி யார்கிட்ட?

இப்ப முதல் கேள்விக்கு வர்றேன். ஒரே லேப்டாப்புக்குள்ள ரெண்டு கட்டற்ற மென்பொருள் இருந்துச்சு. அரசே போட்டுக் கொடுத்த பாஸ் லினக்ஸை அழிச்சோம். யாரும் போடச் சொல்லாத விஎல்சியைத் தேடிப் போட்டோம். வித்தியாசம் என்ன? விஎல்சிக்கு ஒரு வேலை இருந்துச்சு, அதைக் காட்டிக் கொடுக்க பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தன் இருந்தான். பாஸுக்கு ரெண்டும் இல்ல. சுதந்திரத்தை ஹார்டுடிஸ்க்ல ஏத்திக் கொடுத்துட முடியாது மக்களே. கத்துக் கொடுக்க ஆள் வேணும், செய்ய ஒரு வேலை வேணும்.

தமிழ்நாட்டுல முயற்சியே இல்லாம இல்ல. 2007 வாக்குல உமாசங்கர் ஐஏஎஸ் எல்காட் நிர்வாக இயக்குநரா இருந்தப்பவே அந்த நிறுவனத்தை சூசே லினக்ஸுக்கு மாத்தினார். ஆனா பக்கத்துல கேரளாவைப் பாருங்க. அங்க ஐடி அட் ஸ்கூல் திட்டம், இப்ப அதுக்குப் பேரு கைட். முதல்ல வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அப்புறம் பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே கட்டற்ற மென்பொருள்ல வச்சாங்க. பரீட்சைன்னா நம்ம ஊர்ல எந்தப் பெத்தவங்க வேண்டாம்பாங்க? அங்க லினக்ஸ் ஒரு கொள்கையா வரல, வீட்டுப்பாடமா வந்துச்சு. அதனால நின்னுச்சு.

நம்ம பாடப் புத்தகமும் பின்னாடி மாறிச்சு. 2018-ல வந்த பதினொண்ணாம் வகுப்புப் பாடத்துல உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் வந்துடுச்சு, அடுத்த வருஷம் பன்னெண்டாம் வகுப்புல பைதான். நல்ல விஷயம். ஆளுங்களும் இருக்காங்க. சென்னையில ஐஎல்யூஜிசி 1998-ல இருந்து இருக்கு. கணியம் 2012-ல இருந்து தமிழ்லயே எழுதிக்கிட்டு இருக்காங்க. விழுப்புரத்துல குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துக் காலேஜ் பசங்களைக் கூட்டி வச்சு சொல்லித் தர்றாங்க. எனக்குப் பிடிச்ச மாடல் அதுதான். சென்னைக்கு வான்னு சொல்லல, விழுப்புரத்துலயே உக்காந்தாங்க. திருத்தணியில அப்படி ஒண்ணு ஏன் இருக்கக்கூடாது?

இதை ஏன் இப்பப் பேசுறேன்? 2025 மார்ச் பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு லேப்டாப் இல்ல டேப்லெட்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சுது. மறுபடியும் அதே கதைக்குள்ள போறோம். அந்தப் பக்கம், 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிஞ்சுது. பழைய மெஷின் பலதுல விண்டோஸ் 11 ஏறாது. அதுல ஒரு லேசான லினக்ஸ் போட்டா, பேட்டரி செத்து சார்ஜர்லயே வாழ்ற அந்த லேப்டாப்கூட தங்கச்சி டைப் பண்ணிப் பழகவும் பைதான் ஓட்டிப் பார்க்கவும் போதும். குப்பைக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல.

அதனால இந்த எபிசோடுக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கறேன். உங்க வீட்டுலயோ தெருவுலயோ இந்த வருஷம் ஒருத்தருக்குப் புது லேப்டாப் வரும், இல்லைன்னா அட்டத்துல ஒரு பழைய லேப்டாப் தூங்கும். ஒரு ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணி நேரம், அவங்க பக்கத்துல உக்காருங்க. ஸ்டால்மன், ஜிபிஎல், நாலு சுதந்திரம் எதையும் ஆரம்பிக்காதீங்க, ஓடிடுவாங்க. அவங்களுக்கு என்ன வேலை ஆகணும்னு கேளுங்க. ரெஸ்யூம் போடணுமா, லிப்ரே ஆபீஸ். போட்டோவுல பேக்ரவுண்ட் எடுக்கணுமா, கிம்ப். ரீல்ஸ் எடிட்டா, கேடென்லைவ். அந்த வேலையை முடிச்சுக் கொடுங்க. கடைசியில போற போக்குல சொல்லுங்க: "இதைக் காப்பி எடுத்து உன் ஃப்ரெண்டுக்குக் கொடு, தப்பே இல்ல."

யார் பக்கத்துல உக்காந்தீங்க, என்ன செஞ்சீங்கன்னு எனக்கு எழுதுங்க. நல்லதை அடுத்த எபிசோட்ல வாசிக்கறேன். தம்பி, கேள்விக்கு நன்றி. நீங்கதான் முதல்ல எழுதணும்.